தமிழ் வாசிக்க என்விடிஏ: முதல் வாரத்தில் தெரியாத விஷயங்கள்

திரைவாசிப்பான் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் நிறுவிய அன்றோடு முடிந்துவிடுகின்றன. கணினி பேசுகிறது, தமிழும் பேசுகிறது, அவ்வளவுதான். ஆனால் நாளுக்கு ஆறேழு மணி நேரம் காதாலேயே படித்து, எழுதி, பிழை திருத்தி வேலை பார்ப்பவருக்கு உண்மையான கேள்விகள் மூன்றாவது மாதத்தில்தான் தொடங்கும். எந்தச் சொல் தவறாக ஒலிக்கிறது, அதை நாமே திருத்த முடியுமா, அடுத்த பதிப்பு வந்தால் திருத்தியது மிஞ்சுமா? இந்தப் பகிர்வு அந்தக் கேள்விகளைப் பற்றியது.

என்விடிஏ என்பது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் விண்டோஸ் மென்பொருள், அதாவது ஒரு திரைவாசிப்பான். அதை 2006இல் மைக்கேல் கரன் எழுதத் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் டெ சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். இலவசம், திறமூலம்: அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு இலவசம் என்பதைவிடத் திறமூலம் என்பதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

முதலில் குரல். தமிழுக்கு நடைமுறையில் இரண்டு தேர்வுகள்: என்விடிஏ-வோடு சேர்ந்தே வரும் ஈஸ்பீக் என்ஜி, விண்டோஸில் தமிழ் மொழிப்பொதியைச் சேர்த்தால் கிடைக்கும் வள்ளுவர் குரல். வள்ளுவர் கேட்க இனிமை. கதை, கட்டுரை படிக்க நல்லது. ஆனால் விசையை அழுத்தியதும் பேசத் தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன மௌனம் உண்டு. நூறு வரி கொண்ட பட்டியலை அம்புக்குறியால் கடக்கும்போது அந்த மௌனம் நூறு தடவை வரும். ஈஸ்பீக் இயந்திரத்தனமாகத்தான் ஒலிக்கும், ஆனால் விசைக்கு உடனே பதில் சொல்லும், வேகம் கூட்டினாலும் எழுத்துகளை விழுங்காது. தமிழ் வரிக்கு நடுவே ஆங்கில எழுத்தில் ஒரு சொல் வந்தால் அதை ஆங்கிலமாகவே உச்சரித்துவிட்டுத் தமிழுக்குத் திரும்பிவிடும். வேலைக்கு ஈஸ்பீக், ஓய்வு வாசிப்புக்கு வள்ளுவர் என்று இரண்டு தனி அமைப்புத் தொகுப்புகளாக வைத்துக்கொள்வதே நெடுநாள் நிலைக்கும் ஏற்பாடு.

வேகத்தை ஒரேயடியாகக் கூட்ட வேண்டாம். ஈஸ்பீக்கின் இயல்பு வேகம் நிமிடத்துக்கு 175 சொல், சாதாரண உச்சம் 450. இது ஆங்கிலச் சொல்லை வைத்துப் போட்ட கணக்கு. தமிழில் விகுதிகள் ஒட்டி ஒட்டிச் சொல் நீளும். வினையின் காலம், எண், மறுப்பு எல்லாம் சொல்லின் கடைசியில்தான் இருக்கும். வேகம் மிஞ்சினால் முதலில் தேய்வது அந்தக் கடைசிப் பகுதிதான். 'வந்தான்', 'வந்தாள்' வேறுபாடு காதில் நிற்காவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். வாரத்துக்கு ஐந்து புள்ளி கூட்டினால் போதும்.

அடுத்தது உச்சரிப்பு அகராதி. தமிழில் கடுமையாக வேலை வாங்குவது இதுதான். மற்ற அம்சங்களை விட்டுவிட்டாலும் இதைக் கற்றே ஆக வேண்டும். க, ச, ட, த, ப ஆகியவை சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுபவை. 'பாம்பு' என்றால் இரண்டாவது பகரம் மெலிந்தே ஒலிக்கும், விதி இருக்கிறது. 'பஸ்', 'கேஸ்', 'டாக்டர்' போன்ற சொற்களுக்கு அந்த விதி உதவாது. அப்போது அகராதியில் மாற்று எழுத்துக்கோவை தர வேண்டும். என்விடிஏ மெனுவில் விருப்பங்கள், அதற்குள் பேச்சு அகராதிகள். பொது அகராதி எல்லாக் குரலுக்கும் பொருந்தும், குரல் அகராதி அந்த ஒரு குரலுக்கு மட்டும். ஈஸ்பீக்கின் குறையைத் திருத்துவதைக் குரல் அகராதியில் போடுங்கள். பொதுவில் போட்டால் வள்ளுவர் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த சொல்லும் கெட்டுப்போகும்.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது, 'முழுச்சொல்' என்ற வகை தமிழில் பல சொற்களுக்கு வேலை செய்யாது. சொல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கும் நிரல் புள்ளியையும் உயிர்க்குறியையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. எனவே 'பஸ்', 'கி.மீ' போல புள்ளியிலோ உயிர்க்குறியிலோ முடியும் சொற்களுக்கு முழுச்சொல் வகையில் பதிவு போட்டால் எதுவும் நடக்காது. பதிவு சரியாகத்தானே இருக்கிறது என்று நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்க நேரும். 'எங்கும்' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் பொருந்தும். இரண்டாவது பொறி அந்த 'எங்கும்' வகையிலேயே இருக்கிறது. 'ரூ' என்பதை 'ரூபாய்' என்று மாற்றச் சொன்னால், ஏற்கெனவே 'ரூபாய்' என்று எழுதியிருப்பது 'ரூபாய்பாய்' ஆகிவிடும். 'ரூ.' என்று புள்ளியோடு சேர்த்துக் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. குறுகிய சொல்லுக்குப் பதிவு போடும்போதெல்லாம் அது எந்த நீண்ட சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் என்று ஒரு கணம் யோசியுங்கள்.

காதால் கண்டுபிடிக்க முடியாத பிழைகள் என்று ஒரு தனி இனம் உண்டு. ந, ன இரண்டும் ஒரே ஒலி. ர, ற வேகத்தில் ஒன்றாகிவிடும். ல, ள, ழ மூன்றும் செயற்கைக் குரலில் மங்கும். இவற்றுக்கு எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்பதைத் தவிர வழியில்லை. இன்னொரு வகைப் பிழை பார்வையுள்ளவர் கண்ணுக்கே தெரியாது, காதுக்கு மட்டும் உறுத்தும். 'மௌனம்' என்பதை 'மெளனம்' என்று தட்டச்சு செய்வது அப்படிப்பட்டது. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆனால் இரண்டாவதில் இருப்பது ஔகாரக் குறி அல்ல, 'மெ'யும் தனி ளகரமும். குரல் 'மெ-ள-னம்' என்று படிக்கும். சந்தேகம் வந்தால் எண்பலகையின் 2ஐ மூன்று முறை விரைந்து அழுத்துங்கள். எழுத்தின் யூனிகோடு எண் வரும். சரியான 'மௌ' ஒரே எழுத்தாக நின்று 2990, 3020 என்று சொல்லும். தவறானதில் ளகரம் தனியாகப் பிரிந்து 2995 என்று வரும். அதேபோல் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் துணைக்கால் 3006, ரகரம் 2992. இந்த நான்கைந்து எண்களை மனப்பாடம் செய்துகொண்டவர் மெய்ப்புப் பார்க்கும் வேலையைத் துணிந்து ஏற்கலாம்.

பிடிஎஃப் கோப்புகள்தான் நெடுநாள் தலைவலி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சுக்குத் தயாரித்த கோப்பில் 'அம்மா' என்ற சொல் உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். திரையில் தமிழ், காதில் அந்தக் குறிகள். உரையை நகலெடுத்து எழுத்துரு மாற்றியில் போட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும். யூனிகோடில் செய்த பிடிஎஃப் என்றாலும் நிம்மதி இல்லை: சில மென்பொருள்கள் எழுத்துகளைக் கண்ணில் படும் வரிசையில் சேமிக்கின்றன, அதனால் 'கொ'வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் நின்று, ஒவ்வொரு சொல்லும் உடைந்து ஒலிக்கும். ஆவணம் தயாரிப்பவர்கள் அனுப்புவதற்கு முன் ஒரு பத்தியை நகலெடுத்து வெற்று நோட்பேடில் ஒட்டிப் பார்க்க வேண்டும். அங்கே உடைந்தால் கேட்பவருக்கும் உடையும். பிடிஎஃப்போடு சேர்த்து, தலைப்புப் பாணிகள் போட்ட வேர்டு கோப்போ இபப் கோப்போ தந்துவிட்டால் எல்லாச் சிக்கலும் தீரும். தலைப்புகள் இருந்தால் இணையப் பக்கத்தில் எச் விசையால் தாவுவதுபோலவே புத்தகத்திலும் தாவலாம். இணையப் பக்கம் அமைப்பவர்கள் பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் ஒரு குறிப்பைச் சேர்த்தால் திரைவாசிப்பான் தானே தமிழ்க் குரலுக்கு மாறும். இதைச் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

படமாக மட்டுமே இருக்கும் பக்கத்துக்கு, படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி வேண்டும். என்விடிஏ-வுக்குள் விண்டோஸ் எழுத்துணரியை அழைக்கும் வசதி 2017 முதல் உண்டு, ஆனால் தமிழுக்கு அது பயன்படாது. டெசராக்ட் என்ற திறமூல எழுத்துணரி நல்ல மாற்று. 300 டிபிஐ அளவுக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். முழுவதும் தமிழாக இருக்கும் பக்கத்துக்குத் தமிழ்த் தரவை மட்டும் கொடுங்கள். ஆங்கிலத்தையும் சேர்த்தால் டகரமும் பகரமும் ஆங்கில எழுத்துகளாக மாறி வரும். மிகுதியாக நேரும் பிழை துணைக்காலும் ரகரமும் இடம் மாறுவது. 'பாரதம்' 'பரரதம்' ஆகிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் ணா, றா, னா, லை, ளை ஆகியவற்றின் பழைய வடிவங்கள் இருக்கும். அவற்றில் எழுத்துணரி தரும் உரையை நம்பி மேற்கோள் காட்டாதீர்கள், பார்வையுள்ள ஒருவர் ஒப்பிட்டே ஆக வேண்டும்.

இந்த எழுத்துப்பிழைப் பாடுகளுக்கெல்லாம் உண்மையான விடை பிரெயில் டிஸ்பிளே, அதாவது திரையில் இருப்பதை விரலால் தொட்டுப் படிக்கும்படி ஊசிகளை எழுப்பிப் புள்ளிகளாகக் காட்டும் கருவி. ஓர் எழுத்துக் கட்டத்தில் 1 முதல் 6 வரை எண்ணிட்ட ஆறு புள்ளிகள். ந, ன, ர, ற, ல, ள, ழ ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு புள்ளிகள், விரலுக்கு ஐயமே இல்லை. ழகரம் 1, 2, 3, 5, 6. ளகரம் 4, 5, 6. பிரெயில் அமைப்பில் வெளியீட்டு அட்டவணையைத் தமிழுக்கு மாற்றினால் போதும், மொழிபெயர்ப்பை லிப்லூயி என்ற திறமூல நூலகம் செய்துவிடும். ணகரமும் எண்குறியும் ஒரே புள்ளிகள், 3, 4, 5, 6. இடத்தை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். வாங்கும் முன் இடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் புள்ளி வைத்த மெய்க்கு முன்னால் 4ஆம் புள்ளி தனிக் கட்டமாக வரும், உயிர்க்குறியும் தனிக் கட்டம். 'பார்க்கிறார்கள்' என்ற ஒரே சொல் 15 கட்டங்கள் பிடிக்கும். 20 கட்ட டிஸ்பிளேயில் பல வேளைகளில் ஒரு சொல்லுக்கு ஒரு தடவை நகர்த்த வேண்டியிருக்கும். எழுத்துச் சரிபார்க்க 20 போதும், தொடர்ந்து தமிழ் படிக்க 40 வேண்டும். கைகழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். விரலின் எண்ணெயும் தூசியும் சேர்ந்துதான் ஊசிகள் எழாமல் சிக்குகின்றன. நீண்ட வேலைக்கு யூஎஸ்பி கம்பியே மேல். புளூடூத்தில் கைப்பேசியும் கணினியும் ஒரே டிஸ்பிளேவுக்குப் போட்டியிட்டு இணைப்பு அறுந்துகொண்டே இருக்கும்.

கைப்பேசியில் படத்தை விவரிக்கும் செயலிகள் உண்மையிலேயே வாழ்க்கையை மாற்றியிருக்கின்றன. பி மை ஐஸ் 2015இல் தன்னார்வலர்களை வைத்துத் தொடங்கி, 2023இல் செயற்கை நுண்ணறிவையும் சேர்த்தது. ஒரு எச்சரிக்கை மட்டும்: தெளிவாகப் படிக்க முடியாத இடத்தை அது தயங்காமல் ஊகித்து நிரப்பிவிடும். மருந்துச் சீட்டில் 'விவரி' என்று கேட்காமல் 'இருக்கும் எழுத்தை அப்படியே தா' என்று கேளுங்கள், இரண்டு கோணங்களில் எடுத்து ஒப்பிடுங்கள், மருந்தின் அளவை மட்டும் ஒரு மனிதரிடம் உறுதி செய்யுங்கள்.

பதிப்பு மாற்றம். ஒவ்வோர் ஆண்டின் முதல் வெளியீட்டில் பழைய துணைநிரல்கள் இயங்காமல் போகலாம். முக்கியமான வேலை இருக்கும் வாரத்தில் அந்தப் பதிப்புக்கு மாறாதீர்கள். இப்போதைய அமைப்புகளோடு, நிறுவாமலே இயங்கும் ஒரு கையடக்கப் பிரதியைப் பென் டிரைவில் உருவாக்கி வையுங்கள். புதியதில் ஏதாவது உடைந்தால் பழையதில் தொடரலாம், ஆண்டுக்கணக்கில் சேர்த்த அகராதியும் அதில் பத்திரமாக இருக்கும். உள்நுழைவுத் திரையில் மட்டும் கையடக்கப் பிரதி பேசாது.

இப்படிப்பட்ட மென்பொருளுக்கு ஆதரவு என்றதும் பணம்தான் நினைவுக்கு வரும். பணம் தேவைதான், முழு நேரமாக நிரல் எழுதுபவர்களுக்குச் சம்பளம் போக வேண்டும். ஆனால் தமிழுக்கு இன்னும் அரிதாகக் கிடைப்பது நல்ல பிழையறிக்கை. 'தமிழ் சரியாகப் படிக்கவில்லை' என்று எழுதினால் தமிழ் அறியாத நிரலாளர் என்ன செய்வார்? சொல், இப்போது வரும் ஒலி, வர வேண்டிய ஒலி, அதே விதியில் மாட்டும் இன்னும் நான்கு சொற்கள், விதிவிலக்கு ஒன்று, ஈஸ்பீக் பதிப்பு எண் ஆகியவற்றைத் தாருங்கள். ஈஸ்பீக்கின் தமிழ் உச்சரிப்பு விதிகள் சாதாரண உரைக் கோப்பில்தான் இருக்கின்றன. நிரல் தெரியாதவரும் படித்துப் புரிந்துகொள்ளலாம். அங்கே திருத்தும் ஒரு வரி, அந்தக் குரலைக் கேட்கும் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

நெடுநாள் மிஞ்சுமா, பழுதானால் திருத்த முடியுமா என்ற இதே அளவுகோலைப் பார்வையை மீட்கும் ஆராய்ச்சிக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆர்கஸ் 2 என்ற விழித்திரைக் கருவியில் 60 மின்முனைகள் இருந்தன. அமெரிக்காவில் 2013இல் ஒப்புதல் பெற்று, உலகெங்கும் 350க்கும் மேற்பட்டோர் கண்ணில் பொருத்தப்பட்டது. 2019இல் தயாரிப்பு நின்றது, 2020இல் அதைத் தயாரித்த நிறுவனம் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டது. கருவி கண்ணுக்குள்ளேயே இருக்க, வெளிப்பகுதி பழுதானால் பார்க்க ஆளில்லாமல் பலர் தவித்தார்கள். இப்போது நம்பிக்கை தருவது பிரிமா: 2 மில்லிமீட்டர் சதுரச் சில்லு, 378 படப்புள்ளிகள், முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவர்களுக்கானது. 2025இல் வெளியான முடிவுகளின்படி 38 பேருக்குப் பொருத்தி, ஓராண்டுக்குப் பின் சோதித்த 32 பேரில் 26 பேருக்குப் பயனுள்ள முன்னேற்றம் கிடைத்தது. மகத்தான செய்தி. இந்த ஆராய்ச்சிகளுக்கு நிதியும் பங்கேற்பாளர்களும் தேவை, தயங்காமல் தர வேண்டும்.

ஆனால் சோதனையில் சேர்பவர் கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேட்டாக வேண்டும். சோதனை முடிந்த பிறகு கருவியின் கண்ணாடியும் மின்கலமும் பழுதானால் யார் தருவார், எத்தனை ஆண்டுக்கு? நிறுவனம் மூடினால் மென்பொருளும் உதிரிப் பாகங்களும் யார் கைக்குப் போகும்? கருவி உள்ளே இருக்கும்போது எம்ஆர்ஐ எடுக்கலாமா? எடுக்க வேண்டிய நிலை வந்தால் கருவியை அகற்றும் செலவு யாருடையது? பதில்களை வாய்மொழியாக ஏற்காமல் எழுத்தில் வாங்குங்கள். அதுவும் திரைவாசிப்பானால் படிக்கக்கூடிய கோப்பாக.