டிவிஆரையே தூக்கிக்கொண்டு போய்விட்டால்: கேமரா பதிவுகளை வீட்டுக்கு வெளியே வைக்கும் மூன்று வழிகள்

கும்பகோணத்தில் அம்மா தனியாக இருக்கும் வீட்டின் அதே தெருவில், சென்ற ஆண்டு ஒரு பூட்டிய வீட்டுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். அங்கே நான்கு கேமராக்கள் இருந்தன. ஆனால் டிவி மேசைக்குக் கீழே இருந்த, கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியையும் வயர்களைப் பிடுங்கிவிட்டு நகைகளோடு சேர்த்தே எடுத்துப் போய்விட்டதால், காவல் நிலையத்தில் காட்ட ஒரு காட்சிகூட மிஞ்சவில்லை. பெட்டி இருந்த இடத்தில் தூசிக்கு நடுவே செவ்வகமாக ஒரு தடம் மட்டும் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றே, அம்மா வீட்டுப் பதிவுகள் வெளியிலும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, மூன்று வழிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எந்த வழியானாலும் பதிவின் அளவுதான் செலவைத் தீர்மானிக்கிறது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் ஓடும் கேமரா ஒரு நாளில் 10.8 ஜிபி சேர்க்கும். வீடியோவைச் சுருக்கும் எச்.265 முறையில் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், நான்கு கேமராக்களுக்கு நாளொன்றுக்கு 86.4 ஜிபி, 30 நாளுக்கு ஏறத்தாழ 2.6 டெராபைட் ஆகிறது. 'அன்லிமிடெட்' என்ற பெயரில் வரும் வீட்டு ஃபைபர் இணைப்புகள் பலவற்றிலும் மாத வரம்பு 3.3 டெராபைட். அதில் பெரும்பகுதியை இதுவே தின்றுவிடும் என்பதால், முழுப் பதிவையும் அனுப்புவது கட்டுப்படியாகாது. ஆள் நடமாட்டம் உள்ள கிளிப்புகளை மட்டும் அனுப்பினால், ஒரு கேமராவுக்கு நாளுக்கு 40 நிமிடம் என்று தாராளமாகவே வைத்தாலும், நான்குக்கும் சேர்த்து மாதம் 72 ஜிபிதான். ஆகவே முழுப் பதிவு வீட்டு டிஸ்க்கில் இருக்கட்டும். வெளியே போக வேண்டியவை நடமாட்டக் கிளிப்புகள் மட்டுமே என்பது என் முடிவு.

முதல் வழி, கேமரா நிறுவனத்தின் கிளவுட் சந்தா; அதாவது, பதிவுகளை இணையம் வழியே அவர்களின் சர்வரில் வைப்பது. செயலியில் பணம் கட்டியவுடன் வேலை செய்யத் தொடங்கிவிடும் என்பதால், கணினி அறிவு அதிகம் இல்லாதவர்களுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் பெரும்பாலான நிறுவனங்களில் பதிவுகளைத் திறந்து பார்க்கும் சாவியும் அவர்களிடமே இருக்கிறது. 2023-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், வாடிக்கையாளர்களின் அந்தரங்க வீடியோக்களை ஊழியர்கள் பார்க்க இடம்கொடுத்ததாக வீட்டுக் கேமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டியபோது, அந்நிறுவனம் 58 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற இன்னொரு கேமரா நிறுவனத்தின் சேவையில் ஏற்பட்ட கோளாறால், சுமார் 13,000 பேருக்குப் பிறர் வீட்டுக் கேமராக்களின் சிறுபடங்கள் காட்டப்பட்டன. அம்மா காலையில் கோலம் போடுவதும் கூடத்தில் படுத்திருப்பதும் பதிவாகும் இடத்தில் இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த வகையில் ஆப்பிளின் ஹோம்கிட் செக்யூர் வீடியோ ஒரு நல்ல விதிவிலக்கு. கிளிப்புகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது ஆப்பிளாலும் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டு, 10 நாள் இருக்கும். 50 ஜிபி ஐகிளவுட் திட்டத்தில் ஒரு கேமராவையும், 200 ஜிபி திட்டத்தில் ஐந்து கேமராக்களையும் இணைக்கலாம். அந்த வீடியோ உங்கள் ஐகிளவுட் சேமிப்பிடத்தைக் குறைக்காது. ஆனால் அதற்கேற்ற கேமராக்களும், வீட்டில் ஓர் ஆப்பிள் டிவியோ ஹோம்பாடோ இருக்க வேண்டும். ஏற்கெனவே வேறு கேமரா மாட்டிய வீட்டுக்கு இது பொருந்தாது.

இரண்டாவது வழி, சேமிப்பிடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து, பூட்டை நாமே போடுவது. பழைய லேப்டாப்பில் ஃப்ரிகேட் என்ற இலவச மென்பொருள் ஆளை அடையாளம் காணும். ஆர்க்ளோன் என்ற இன்னொரு இலவச மென்பொருள் அந்தக் கிளிப்பை வீட்டிலேயே மறையாக்கம் செய்து வெளியே அனுப்பும். சேமிப்பிடத்தை வாடகைக்கு விடும் பேக்பிளேஸ் பி2 சேவை 2023 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விலையான டெராபைட்டுக்கு மாதம் 6 டாலர் என்று பார்த்தால், 72 ஜிபிக்கு அரை டாலர்கூட ஆகாது. விலைப் பட்டியலை மட்டும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. அதேபோன்ற சேவையான வசாபியின் வழக்கமான திட்டத்தில் கோப்பை ஏழாம் நாளே அழித்தாலும் 90 நாள் வாடகை உண்டு; குறைந்தபட்சக் கட்டணமும் 1 டெராபைட்டுக்கானது. அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் மிக மலிவு என்றாலும், 180 நாள் வாடகை கட்டாயம். கோப்பைத் திரும்ப எடுக்க வழக்கமான முறையிலேயே 12 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும்.

இதில் பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. லேப்டாப்பைத் திருடுகிறவன் கையில் அதற்குள் இருக்கும், கிளவுட் கணக்கைத் திறக்கும் சாவியும் போய்ச் சேர்கிறது. எனவே அந்தச் சாவிக்கு எழுதும் உரிமை மட்டும் கொடுத்து, அழிக்கும் உரிமையை நீக்கிவிட வேண்டும். 30 நாள் கடந்ததை அழிக்கும் வேலையைச் சேவையின் விதியே பார்த்துக்கொள்ளும். மறையாக்கக் கடவுச்சொல் தொலைந்தால் பதிவுகளும் தொலைந்தவையே என்பதால், அதைத் தாளில் எழுதி அம்மா வீட்டில் அல்லாமல் என் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது வழி, உறவினர் வீட்டில் ஒரு பெட்டி. தஞ்சாவூரில் அக்கா வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியும் ஹார்ட் டிஸ்க்கும் வைத்தால் மாத வாடகையே இல்லை. நம் ஊர் இணைப்புகள் பலவும் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்வதால் வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் போர்ட் (வழி) திறந்து பயனில்லை. இரு வீட்டுக் கணினிகளையும் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற ஒன்று தேவைப்படும். இரு இடத்துக் கோப்புகளையும் ஒரேபோல வைத்திருக்கும் சின்க்திங் மென்பொருள் கொண்டு இணைத்தால், இங்கே அழிப்பது அங்கேயும் அழியும் என்பதை மறக்காமல் பழைய பிரதிகளை வைத்திருக்கும் வசதியை இயக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிரமம், பெட்டி நின்றுபோனால் அக்காவைத்தான் தொந்தரவு செய்ய வேண்டும் என்பது.

நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். திருட்டில் முக்கியமானவை பெட்டி பிடுங்கப்படுவதற்கு முந்தைய ஓரிரு நிமிடங்களே என்பதால், நள்ளிரவில் மொத்தமாக அனுப்பும் ஏற்பாடு உதவாது. கிளிப் உருவான உடனே போய்விட வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் மீட்டர் பெட்டி வெளிச்சுவரிலேயே இருப்பதால், ஃபியூஸைப் பிடுங்குவது யாருக்கும் எளிது. அதனால் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கினேன். வாசல் கேமராவையும் அதிலேயே இணைத்தேன். லேப்டாப்புக்கு அதன் பேட்டரி போதும். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மெயினை அணைத்துவிட்டு வாசல் கேட் வரை நடந்து வரச் சொன்னேன். சென்னையில் என் கணினியில் கிளிப்பை இறக்கிக் கடவுச்சொல்லைக் கொடுத்தபோது, கையில் டார்ச்சுடன், கேமராவைப் பார்த்து "தெரியறேனா?" என்று கேட்கும் அம்மாவின் முகம் தெளிவாக வந்தது.