பவுச் வைத்த ரத்தப் பை: இரண்டு வருடம் கையாண்ட பிறகு

திருநெல்வேலியில் ஒரு ரத்த வங்கியில் பதினொரு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். இரண்டு வருடம் முன்புவரை சாதாரண டிரிபிள் பேக்தான் வாங்கிக்கொண்டிருந்தோம்; ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் (தட்டணு) என்று பிரித்து வைக்க மூன்று பை சேர்ந்தது அது. இப்போது வாங்குவது, ஊசிக்கும் பைக்கும் நடுவில் டியூபிலிருந்து கிளை பிரிந்து ஒரு குட்டிப் பவுச் தொங்குகிற வகை. பல கம்பெனிகள் இதைத் தயாரிக்கின்றன. விலை கூடுதல்தான். அந்தக் காசுக்குத் தகுமா என்று பக்கத்து ஊர் ரத்த வங்கிகளில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். தகும்.

ஊசி குத்தும்போது பொடித் துணுக்காகத் தோலும் சேர்ந்து உள்ளே போய்விடக்கூடும். கையை எவ்வளவு துடைத்தாலும் மயிர்க்காலின் அடியில் இருக்கிற கிருமியை மருந்து எட்டாது. முதலில் வருகிற 30 மில்லி அளவு ரத்தத்தோடு அதில் பெரும்பகுதி பவுச்சில் ஒதுங்கிவிடுகிறது. அப்புறம்தான் பெரிய பைக்கு வழி திறக்கிறோம். டெஸ்ட் சாம்பிளை அந்தப் பவுச்சிலிருந்தே எடுப்பதால் ரத்தமும் வீணாவதில்லை.

சிவப்பணுப் பை ஃபிரிட்ஜில் இருப்பதால் தோல் கிருமிகள் அதில் எளிதில் பெருகாது. பிளேட்லெட்டை அப்படிக் குளிரில் வைத்து ஏற்றினால் உடம்பு அதைச் சீக்கிரமே அகற்றிவிடும். அதனால் 20 முதல் 24 டிகிரியில், ஆஜிடேட்டரில் ஆடியபடியே 5 நாள் இருக்கிறது. உள்ளே பிளாஸ்மா, சர்க்கரை, பைச் சுவர் வழியாக வரும் ஆக்சிஜன். நுழைந்த கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

பழைய பைகள் இருந்த காலத்தில், ஒரு டெங்கு சீசனில், சேமித்து நான்காம் நாள் ஆன பிளேட்லெட் பை ஒன்றைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். நல்ல பிளேட்லெட்டில் தெரியும் அந்த மினுமினுப்பான சுழல் இருந்தது, நிறமும் சரியாக இருந்தது. இரண்டாம் நாள் எடுத்த கல்ச்சரிலும், அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையிலும், எதுவும் வளரவில்லை. எட்டு வயதுப் பையன். ஏற்ற ஆரம்பித்து இருபது நிமிடத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, காய்ச்சல் ஏறியது. சிஸ்டர் உடனே நிறுத்திவிட்டார். மிச்சப் பை எங்களிடம் திரும்பி வந்தது. கல்ச்சரில் வளர்ந்தது ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், தோலில் சாதாரணமாக இருக்கிற கிருமி. பையன் தேறிவிட்டான். "நீங்க பார்த்துத்தானே குடுத்தீங்க?" என்று அவன் அம்மா கேட்டார். பார்த்துத்தான் கொடுத்தேன்.

இந்தக் கிருமி பையின் உள்சுவரிலும் பிளேட்லெட்டிலும் ஒட்டிக்கொண்டு, தன்மேல் வழவழப்பான ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும் என்று எங்கள் டாக்டர் அப்போதுதான் விளக்கினார். பயோஃபிலிம். கிருமி சுவரோடு ஒட்டியிருக்க, நாம் உறிஞ்சி எடுக்கும் சில மில்லியில் ஒன்றுமே சிக்காமல் போகலாம். கனடா ரத்த சேவை நிறுவனத்தில் சாண்ட்ரா ரமிரெஸ்-ஆர்கோஸ் குழுவினர் இதைப் பல வருடமாக ஆராய்ந்து வருகிறார்கள். பைக்குள் போய் ஒட்டிக்கொண்டதைத் தேடுவது அவ்வளவு கஷ்டம். அதனால்தான் வாசலிலேயே மறிக்கிற இந்தப் பவுச் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வாங்கியதில் கிளாம்ப், அதாவது பவுச்சுக்குப் போகும் டியூபை மூடும் கிளிப், ரொம்ப இறுக்கம். கிளவுஸ் போட்ட கையால் ஒரே அழுத்தில் மூடாது. பவுச்சை மூடாமல் பெரிய பையின் வழியைத் திறந்துவிட்டால் இவ்வளவு பாடும் வீண். முதல் மாதம் எங்களில் இருவர் அப்படிச் செய்தோம், அதில் நானும் ஒருத்தி. பவுச்சில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கிடையாது, சில நிமிடத்துக்குள் சாம்பிளை எடுத்துவிட வேண்டும். கல்லூரி முகாமில் வரிசை நீளும்போது இதைத் தாண்டிப் போகலாமா என்று கை பரபரக்கும். தாண்டாதீர்கள்.

டோனரின் ரத்தத்திலேயே கிருமி இருந்தால் பவுச்சால் ஒன்றும் செய்ய முடியாது. நேற்று பல் பிடுங்கினீர்களா, வயிற்றுப்போக்கு இருந்ததா என்ற கேள்விகளை அவசரத்தில் விழுங்கிவிடக் கூடாது. அதேபோல், பவுச் வந்துவிட்டது என்று கல்ச்சரையும் நாங்கள் விடவில்லை.

எல்லாப் பையையும் மாற்றப் பட்ஜெட் இல்லையென்றால், பிளேட்லெட் பிரிக்கப் போகும் பைகளுக்காவது முதலில் வாங்குங்கள். ஆர்டர் போடும் முன் கம்பெனி ரெப்பிடம் நாலைந்து சாம்பிள் பை கேட்டு வாங்கி, கிளவுஸ் போட்டுக்கொண்டு கிளாம்பை மூடிப் பாருங்கள்.