டர்போ மாத்துறேன்னு 72,500 ரூபாய முழுங்கிட்டாங்க, டீசல் ஸ்விஃப்ட் வச்சிருக்கவங்க ஒரு தடவ படிச்சிருங்க

நேத்து ராத்திரி பூரா தூக்கம் இல்ல. காலங்காத்தால எந்திரிச்சு உக்காந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 72,500 ரூபா போச்சு, டர்போ மாத்துறேன்னு. டர்போன்னா இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்பற பார்ட்டு. 20 மாசம் சீட்டு கட்டி எடுத்த பணம். கடை பேரு போட மாட்டேன், போட்டா அதுக்கு வேற ஒரு பஞ்சாயத்து வரும். ஆனா எந்த மாதிரி கடைன்னு சொல்றேன். சுவரு பூரா செட்டிபாளையம் ட்ராக்ல எடுத்த ரேஸ் போட்டோ, ரீல்ஸ்ல கார் உறுமிட்டு கெளம்பும், வாசல்ல 'பெர்ஃபார்மன்ஸ்'னு பெரிய போர்டு. கோயம்புத்தூர்ல ரேஸ் ட்ராக் இருக்கறதால இந்த மாதிரி கடைக நெறைய, உண்மையிலேயே கைத்தொழில் தெரிஞ்சவங்களும் அங்கதான் இருக்காங்க, என் நேரம் நான் போய் நின்ன வாசல் அப்படி. கடைசில என்னென்ன பாக்கணும்னு 10 பாயிண்ட் எழுதறேன், முழுசா படிங்க.

வண்டி 2013 ஸ்விஃப்ட் டீசல், 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. இந்த 1.3 லிட்டர் இன்ஜின் வச்சிருக்கவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, 75 குதிரை, இழுவை (டார்க்) 190 நியூட்டன் மீட்டர், அந்த 190 வர்றது 2000 ஆர்பிஎம்ல, அதாவது இன்ஜின் நிமிசத்துக்கு 2000 சுத்து சுத்தறப்ப. அதுக்குக் கீழ வண்டில உசுரே இருக்காது, 2000 தாண்டுனதும் யாரோ பின்னாடி இருந்து எட்டி உதைச்ச மாதிரி பிச்சுக்கிட்டுப் போகும். பைபாஸ்ல ராஜா. ஆனா நான் இருக்கறது சேலம், மாசத்துக்கு ரெண்டு தடவ ஏற்காடு போகணும், மாமியார் வீடு அங்க. 20 கொண்டை ஊசி வளைவு. செகண்ட் கியர்ல வளைச்சுத் திருப்புனா முள்ளு 1400ல நிக்கும், மிதிச்சா முனகும், ஃபர்ஸ்ட் போட்டா கத்தும். இது அந்த வண்டியோட பொறப்புக் குணம்தான், ஆனா ஆறு மாசமா அதுவும் ரொம்ப மோசமாயிடுச்சு.

இதுல நான் பண்ண மொத தப்பு, 9 வருசமா வண்டி பாக்கற எங்க மெக்கானிக் அண்ணன்கிட்ட கேக்காம ரீல்ஸ் பாத்துட்டு போன் அடிச்சது.

போன் எடுத்த பையனுக்கு ஒரு 28 வயசு இருக்கும், ஓனர் அவன்தான். வாய்க்கு வாய் "சொல்லுங்ணா". நேர்ல போனதும் ஏசி ரூம்ல எல்லாம் உக்கார வைக்கல, அவனே கீழ படுத்து வண்டிக்கு அடியில போய் டார்ச் அடிச்சுப் பாத்தான், சட்டையெல்லாம் கிரீஸ், எழுந்து வந்து என் கூடவே நின்னு டீ குடிச்சான். அங்கதான் நான் விழுந்தேன். ஓனரே அடியில படுக்கறான்னா தொழில் தெரிஞ்சவன்னு நெனைச்சேன். அப்புறம் அவனோட ஸ்விஃப்ட்லயே ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனான், தேர்ட் கியர்ல 30ல உருட்டிட்டு மிதிச்சான் பாருங்க, அப்படியே இழுத்துச்சு. "உங்க வண்டியும் இதேதாங்ணா, திருப்தினா மட்டும் பேலன்ஸ் குடுங்க" அப்படின்னான்.

மறுபடி கடைக்கு வந்ததும் பைப்பைக் கழட்டி என் டர்போவக் காட்டுனான். உள்ள இருக்கற அந்தச் சின்ன விசிறிய ரெண்டு விரல்ல புடிச்சு மேல கீழ ஆட்டுனான். "பாருங்ணா ஆடுது, இது போயிடுச்சு, எப்ப வேணா உடைஞ்சு இன்ஜினுக்குள்ள போயிடும்." எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. இப்பத்தான் தெரியுது, இந்த மாதிரி டர்போல ஷாஃப்ட் ஆயில்ல மிதக்கும், நிறுத்தி வச்சிருக்கறப்ப விரல்ல புடிச்சா பக்கவாட்டுல கொஞ்சம் ஆடத்தான் செய்யும். முன்னாடி பின்னாடி இழுத்தா ஆடுதா, விசிறி சுவத்துல உரசுன தடம் இருக்கா, அதத்தான் பாக்கணுமாம். நல்லா இருக்கறத ஆட்டிக் காட்டியே என்னை பயமுறுத்திட்டான்.

அவன் சொன்ன வைத்தியம் இதான். எர்ட்டிகா டீசல்ல இதே 1.3 இன்ஜின்தான், ஆனா அதுல விஜிடி டர்போ, உள்ள இருக்கற தகடுங்க திறந்து மூடும், அதனால 1750லயே புல் வந்துரும், 90 குதிரை. அத எடுத்து இதுல போட்டு, இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர் இருக்குல்ல, ஈசியு, அதுல இருக்கற ப்ரோக்ராம மாத்தி ரீமேப் பண்ணிட்டா ஏற்காடு செகண்ட் கியர்லயே ஏறலாம்னான். இதுல கொடும என்னன்னா, எர்ட்டிகா பத்தி அவன் சொன்னதெல்லாம் நிஜம். சொல்லாம விட்டது என்னன்னா, அந்தத் தகடுங்கள திறந்து மூட ஈசியுல இருந்து தனி கன்ட்ரோல் வேணும், சாதா டர்போ வண்டில அந்த வயரிங்கே கிடையாது, சும்மா போல்ட்ட கழட்டி மாட்டுற சமாச்சாரம் இல்ல. எனக்கு எங்க இது தெரியும்?

ரேட்டு: டர்போ 45,000, ரீமேப் 15,000, ஃபில்டர் ஹோஸ் கிட் 7,500, லேபர் 5,000. ஆக 72,500. 40,000 ஜிபே பண்ணேன், மிச்சம் 32,500 டெலிவரி அன்னிக்கு கையில. பில்லு கேட்டதுக்கு "பில்லு போட்டா ஜிஎஸ்டி தனியா வரும்ணா, நமக்குள்ள எதுக்கு" அப்படின்னான். நமக்குள்ள! பழைய டர்போ எங்க தம்பின்னு கேட்டேன், "எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சுங்ணா, அதக் கழிச்சுத்தான் 45 போட்டேன்". நானும் தலைய ஆட்டிட்டு வந்தேன். பானெட்டத் திறந்தா டர்போ வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேற வச்சேன்.

ரெண்டு நாள் சூப்பரா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. மிதிச்சா டக்குன்னு போச்சு. மூணாவது நாள் ஞாயித்துக்கிழமை, சம்சாரம், அம்மா, பையன் எல்லாரையும் ஏத்திக்கிட்டு ஏற்காடு கெளம்புனேன். 11வது வளைவுல மிதிக்கறேன், 'டப்'னு ஒரு சத்தம், அப்புறம் உஸ்ஸ்ஸுன்னு காத்து போற சத்தம், இன்ஜின் லைட் எரியுது, கண்ணாடில பாத்தா பின்னாடி ரோடே தெரியல, அவ்வளவு கரும்புகை. வண்டி ஆளு நடக்கற வேகத்துல கூட ஏற மாட்டேங்குது. பின்னாடி பஸ்ஸு ஹாரன் மேல ஹாரன். பஸ்ல இருந்த ஒருத்தர் எறங்கி வந்து கல்ல எடுத்து டயருக்கு அண்டக் குடுத்தாரு, அவரு நல்லா இருக்கணும்.

அங்கயே நின்னு போன் அடிச்சேன். "லேர்னிங் மோட்ல இருக்குங்ணா, 500 கிலோமீட்டர் ஓடுனா சரியாயிடும்." மலையில நிக்கறவன்கிட்ட சொல்ற பதிலாய்யா இது? மறுநாள் கேட்டா "டீசல் சரியில்லங்ணா, பங்க் மாத்துங்க". அடுத்த நாள் "நான் டெல்லில இருக்கேன், பார்ட்னர்கிட்ட பேசுங்க". பார்ட்னர்னு ஒருத்தன் எடுத்து, "மோடிஃபிகேஷனுக்கு வாரண்டி கிடையாது சார், யாருமே தர மாட்டாங்க" அப்படின்னான். அதுவரைக்கும் அண்ணாவா இருந்தவன் அன்னிக்கு சார் ஆயிட்டேன். 160 கிலோமீட்டர் பஸ் புடிச்சு நேர்ல போனேன், ஓனர் உள்ளதான் இருந்தான், கண்ணால பாத்தேன், வெளிய நின்ன பையன் "அண்ணன் டெஸ்ட் டிரைவ் போயிருக்காருங்க" அப்படிங்கறான். ரெண்டு மணி நேரம் நின்னுட்டு திரும்பி வந்தேன்.

வேற வழியில்லாம டோ பண்ணி எங்க மெக்கானிக் அண்ணன்கிட்டயே விட்டேன். அவரு பானெட்டத் திறந்தாரு, கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம் ஆயில் பைப் மாட்டுற போல்ட்டுகிட்ட கட்டவெரல் நகத்தால சுரண்டுனாரு. வெள்ளி பெயிண்ட் செதில் செதிலா உதிர்ந்து, கீழ மஞ்சள் புள்ளி. "தம்பி, போன வருசம் ஆயில் லீக்னு இந்த போல்ட்ட டைட் பண்ணிட்டு நான்தான் இந்த மஞ்சப் பொட்டு வச்சேன். இது உன் டர்போதான்." டர்போ மேல இருந்த நம்பர் தகட்ட மட்டும் புடுங்கியிருக்கான். கழட்டி, கழுவி, ஸ்ப்ரே அடிச்சு, அதையே மாட்டி 45,000 வாங்கியிருக்கான். என் டர்போவ எனக்கே வித்திருக்கான்யா!

ரீமேப்னு 15,000 குடுத்தேனே, அது தீப்பெட்டி சைஸ்ல ஒரு கறுப்பு டப்பா. இன்ஜினுக்கு டீசல் போற பைப்போட (ஃபியூல் ரயில்) ப்ரஷர் சென்சார் வயருக்கு நடுவுல சொருகி, டை போட்டு கட்டியிருக்கு. ப்ரஷர் கம்மியா இருக்குன்னு அது ஈசியுகிட்ட பொய் சொல்லும், ஈசியு நம்பி ப்ரஷர ஏத்தும், டீசல் கூட போகும், அந்த ரெண்டு நாள் சூப்பரா இருந்தது அதான். ஈசியுவ யாரும் தொடக்கூட இல்ல. மலையில 'டப்'னு சத்தம் வந்தது, டர்போ காத்து இன்ஜினுக்குப் போற ஹோஸ் கழண்டது, சைஸே சேராத கிளாம்ப் போட்டிருக்காங்க. 7,500 ரூபா கிட்டுங்கறது அந்த கிளாம்பும் ஒரு சிவப்பு ஃபில்டரும்தான் போல.

ஆறு மாசமா இழுக்காததுக்கு என்ன காரணம்னு அவரு தேடிப் பாத்தாரு. பழைய ஹோஸ் என் டிக்கிலயே கெடந்துச்சு, அத ஒரு ஆளு தூக்கிப் போடக்கூட இல்ல. மடிச்சுப் பாத்தா அடிப்பக்கம் முடி மாதிரி ஒரு விரிசல், அதுல பூஸ்ட் லீக், அதாவது டர்போ அழுத்துற காத்து வெளிய போகுது. அதோட ஈஜிஆர் வால்வுல, புகைல கொஞ்சத்த திரும்ப இன்ஜினுக்கே அனுப்பற வால்வு அது, கரி அடைச்சிருக்கு. புது ஹோஸ், கிளாம்ப், ஈஜிஆர் கிளீனிங், கூலி எல்லாம் சேத்து 3,800. அந்த டப்பாவயும் புடுங்கிட்டாரு. இப்ப வண்டி பழையபடி இழுக்குது. 3,800ல முடிய வேண்டியதுக்கு 72,500. சம்சாரம் ஒரு வார்த்தை திட்டல. "நாலு டயரும் வழுக்கையா இருக்கு, அதையாவது மாத்தியிருக்கலாம்" அப்படின்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டா. திட்டியிருந்தா கூட பரவால்ல.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைன்ட் போட்டாச்சு. நுகர்வோர் கோர்ட்ல 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, போகலாம்னு இருக்கேன். ஆனா கையில இருக்கறது 40,000க்கு ஜிபே ஸ்க்ரீன்ஷாட், அதுவும் அவன் தம்பி பேர்ல இருக்கற நம்பர். மிச்சம் 32,500க்கு என் வாய்தான் சாட்சி.

10 பாயிண்ட் எழுதறேன்னு சொன்னேன், இப்ப எழுத மனசு இல்ல, ஞாபகம் வர்றத சொல்றேன். வண்டி இழுக்கலன்னா மொதல்ல ஹோஸ், ஈஜிஆர், ஏர் ஃபில்டர் பாருங்க, அப்புறம் டர்போவ மாத்துங்க. எதக் கழட்டுனாலும் அதுக்கு முன்னாடி அந்தப் பார்ட்டோட நம்பர் தகட்ட போட்டோ எடுத்து வைங்க. பழைய பார்ட்ட கையில வாங்காம காசு குடுக்காதீங்க. ரீமேப்னு சொன்னா முன்ன இருந்த ஃபைலையும் பின்ன போட்ட ஃபைலையும் கேளுங்க, முழிச்சான்னா கெளம்பிருங்க. பில்லு பில்லு பில்லு.

இத டைப் பண்ணிட்டு இருக்கறப்பவே அவனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன், மஞ்சப் பொட்டு போட்டோவோட. ப்ளூ டிக் வந்துச்சு. இப்ப பாத்தா டிபி காணோம், பிளாக் பண்ணிட்டான் போல.