ஒப்பந்தம் இருக்கட்டும், டீச்சர் வருவாரா?

தங்கை மகளை பி.எஸ்சி. நர்சிங் சேர்ப்பதற்காக ஒரு மாதமாகக் கல்லூரிகளை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். காரைக்குடியிலிருந்து மதுரை வரை கேட்டாயிற்று. 'வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது' என்று சொன்ன இடங்களில் எல்லாம் அது ஒரே விஷயம் இல்லை, அதனால் வகை பிரித்து எழுதுகிறேன்.

முதல் வகை, இரண்டு வாரச் சுற்றுப்பயணம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் போய், அங்கே உரிமம் இல்லாததால் நோயாளியைத் தொடாமல், பெரும்பாலும் தள்ளி நின்று பார்த்துவிட்டு வருவார்கள். ஊர் பார்த்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, படிப்போடு மொழியும் சொல்லிக்கொடுத்து வேலைக்கு அனுப்புவது. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி2 நிலை, அதாவது ஓரளவு சரளமாகப் பேசும் அளவு வரை வேண்டும், இங்கிலாந்துக்கு ஓஇடி அல்லது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு, அப்புறம் அவர்களுடைய தேர்வுகள். வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்கா 2021-ல் ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்டு இப்படித்தான் நர்சுகளை அனுப்புகிறது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த பணத்தில் எழுந்த வீடுகளுக்கு நடுவே இருந்துகொண்டு, ஒரு பெண்ணைப் பார்த்துக் கடல் தாண்டாதே என்று எப்படிச் சொல்வது? ஆனால் அவள் போவதால் அவள் படித்த கல்லூரி ஒரு படிகூட ஏறுவதில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: அங்கிருந்து ஆசிரியர்கள் வந்து தங்குவது. ருவாண்டா 2012-ல் இதைப் பெரிய அளவில் செய்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர்களை வரவழைத்து, ஒவ்வொருவரையும் உள்ளூர் ஆசிரியர் ஒருவரோடு ஜோடி சேர்த்து வேலை செய்ய வைத்தார்கள், வந்தவர் கிளம்பினாலும் கற்ற உள்ளூர்க்காரர் அங்கேயே இருப்பார் என்பதுதான் கணக்கு. அவ்வளவு தூரம் போவானேன், வேலூர் சிஎம்சி 1946-ல் நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கியபோது வெளிநாட்டு ஆசிரியைகள் ஆண்டுக்கணக்கில் தங்கிச் சொல்லிக்கொடுத்ததில்தானே வளர்ந்தது?

இதிலும் சிக்கல் உண்டு. செலவு அதிகம், வருகிறவருக்குத் தமிழ் தெரியாது. அதைவிட, அவர்கள் ஊரில் நர்ஸ் செய்கிற பாதி வேலையை நம் வார்டில் கூட இருக்கும் அம்மாவோ மருமகளோ செய்கிறார்கள். துடைத்துவிடுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம். அந்தச் சொந்தக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பதும் நர்சின் வேலை என்பதை உள்ளூர் டீச்சர்தான் பாடத்தில் சேர்க்க முடியும். ஜோடி வேண்டும் என்பது அதற்காகத்தான்.

இவ்வளவு பேசக் காரணம் என் அப்பத்தா. கடைசி எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். பிள்ளைகள் சிங்கப்பூரில், அவ்வளவு பெரிய வீட்டில் அவரும் ஒரு நர்ஸ் பெண்ணும் மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம், ஆனால் இடுப்பெலும்பு உடைந்தவரை வலிக்காமல் எப்படித் திருப்புவது என்று யாரும் பக்கத்தில் நின்று காட்டித்தரவில்லை. முதுகில் புண் வந்துவிட்டது. அவள் அழுததை நான் பார்த்தேன், தப்பு அவளுடையது இல்லை.

அதனால் அடுத்த வாரம் போகும் கல்லூரியில் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினால் நான் இரண்டுதான் கேட்பேன்: அங்கிருந்து யார் வருகிறார், வந்தால் எத்தனை நாள் வார்டில் நிற்பார்?