"ஈசிஎம் போயிடுச்சு" என்று சொல்லி 1,38,500 ரூபாயை உருவிவிட்டார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் உஷார்

நேற்று ராத்திரி என் காரின் ஈசிஎம் பெட்டியை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை, கழற்றிப் பார்த்தோம். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள நம்பரும், நான் வண்டி வாங்கியபோது எடுத்து வைத்த போட்டோவில் உள்ள நம்பரும் ஒன்றேதான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஸ்டிக்கரின் ஓரத்தில் இருந்த பழைய கீறல்கூட அப்படியே இருக்கிறது. "புது ஈசிஎம் போட்டாச்சு ணா" என்று சொல்லி என்னிடம் வாங்கிய பணம் 1,38,500 ரூபாய்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் பக்கம் பத்துப் பதினைந்து வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. கேஸ் போடப் போகிறேன், அதுவரை எங்கும் பெயர் எழுத வேண்டாம் என்று வக்கீல் கறாராகச் சொல்லியிருக்கிறார். ஹைவே ஓரம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏசி போட்ட வெயிட்டிங் ரூம், போர்டில் வெளிநாட்டுக் கார்களின் படம். அந்த ரகம். என் வண்டி எந்தக் கம்பெனி என்பதையும் எழுதவில்லை. இந்த மாவட்டத்தில் அந்த மாடல் ஒன்றோ இரண்டோதான் ஓடுகிறது, சொன்னால் கடையும் தெரிந்துவிடும். ஜெர்மன் வண்டி, ரெண்டே சீட், மடங்கும் கூரை, 2007 மாடல். பெங்களூரில் வாங்கி, என்ஓசி எடுத்து, டிஎன் 24 நம்பருக்கு மாற்றியது. 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பித்ததும் நான்தான். காவேரிப்பட்டினத்தில் உரக்கடை வைத்திருப்பவனுக்கு இந்த வண்டி எதற்கு என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டு, சேர்த்து வைத்து வாங்கிய வண்டி.

பிரச்சனை ஆரம்பித்தது ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு. 2024 டிசம்பர் முதல் வாரம் நம் மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களெல்லாம் அடித்துக்கொண்டு போயின. எங்கள் பக்கம் அவ்வளவு மோசமில்லை, வண்டி வெள்ளத்தில் நிற்கவும் இல்லை. ஆனால் விடாமல் மழையில் நனைந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் சில நேரம் செல்ஃப் அடிக்கும், சில நேரம் டிக் என்ற சத்தத்தோடு சரி. ஓடிக்கொண்டிருக்கும்போது ஏபிஎஸ் லைட், ஏர்பேக் லைட், இன்ஜின் லைட் எல்லாம் சேர்ந்து எரியும். மழையே இல்லாமல் வைப்பர் ஒரு தடவை ஆடி நிற்கும். கண்ணாடி பாதியில் நின்றுவிடும். ஒரு நாள் கூரை பாதி மடங்கிய நிலையில் அசையவே இல்லை.

உள்ளூரில் எல்லோரும் "இந்த வண்டியில நாங்க கை வைக்க மாட்டோம்" என்றார்கள். அதனால்தான் அந்தக் கடை.

அவர்கள் என்னை நம்ப வைத்த விதத்தை எழுதியே ஆக வேண்டும், அடுத்த ஆளிடமும் இதைத்தான் செய்வார்கள். உள்ளே போனதும் மேனேஜர் எழுந்து வந்து கை கொடுத்தார். டீ வந்தது. வண்டியைச் சுற்றி வந்து, "இப்பல்லாம் இந்த மாடலை யாரு ணா இவ்ளோ சுத்தமா வச்சிருக்காங்க?" என்றார். எத்தனையோ பேர் கேலி பேசிய வண்டியை ஒருவர் அப்படிப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. லேப்டாப்பை மாட்டி ஸ்கேன் போட்டார். ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக், கூரை, டோர் என்று ஒவ்வொன்றையும் கவனிக்கும் தனித்தனி எலக்ட்ரானிக் பெட்டி (மாட்யூல்) எல்லாவற்றிலும் எரர். ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டிவிட்டு, பேனட்டைத் திறந்து ஈசிஎம் கனெக்டரைப் பிடுங்கி, பின்னில் லேசாக வெள்ளை படிந்திருந்ததை மொபைல் டார்ச் அடித்துக் காட்டினார். "தண்ணி எறங்கிடுச்சு ணா. இப்படியே ஓட்டுனா ஒரு நாள் தொப்பூர் கணவாயில நடு ரோட்ல ஆஃப் ஆகிடும். ஃபேமிலியோட போறீங்க" என்றார். தொப்பூர் பேரைச் சொன்னால் நம் ஊர்க்காரன் யார்தான் பயப்பட மாட்டான்? எத்தனை லாரி அங்கே கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறோம்.

ஈசிஎம் 1,05,000. அதை வண்டியோடு பொருத்தும் சாஃப்ட்வேர் வேலை, அதாவது கோடிங், 18,500. லேபர் 15,000. மொத்தம் 1,38,500 ரூபாய். டெல்லி காஷ்மீரி கேட் கார் பார்ட்ஸ் மார்க்கெட்டிலிருந்து ஃப்ளைட்டில் வர வேண்டும் என்று 90,000 அட்வான்ஸ் கேட்டார், ஜிபேயில் அனுப்பினேன். பணம் போனது கடைப் பெயருக்கு இல்லை, ஒரு தனி ஆள் பெயருக்கு. கேட்டதற்கு "ஓனரோட அக்கவுண்ட்தான் ணா" என்றார். ஜிஎஸ்டி பில் கேட்டேன். "பில் போட்டா இன்னும் முப்பத்தஞ்சாயிரம் ஆகும், உங்களுக்காகத்தான் சொல்றேன்" என்று எஸ்டிமேட் சீட்டில் எழுதி சீல் குத்திக் கொடுத்தார். இடையில் வாட்ஸ்அப்பில் ஒரு பார்சல் போட்டோ வந்தது. "உங்க ஐட்டம் வந்துடுச்சு, என் வண்டி மாதிரி பாத்து முடிச்சுத் தர்றேன்" என்ற வாய்ஸ் மெசேஜும் வந்தது. அந்த வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போனில் பத்திரமாக இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் அதைப் போட்டுக் காட்டத்தான் போகிறேன்.

டெலிவரி எடுக்கும்போது ஒரு லைட்டும் எரியவில்லை. ஸ்கேனர் வைத்து எல்லா எரரையும் அழித்துவிட்டால் யார் வண்டியிலும் எரியாது, இது இப்போது தெரிகிறது. மீதி 48,500 கொடுத்தேன். பழைய ஈசிஎம் எங்கே என்றேன். "பேக் பண்ணி வைக்கிறேன், அடுத்த சர்வீஸுக்கு வரும்போது எடுத்துக்கோங்க" என்றார்.

அதே வாரம் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசையில் நிற்கும்போது வண்டி ஆஃப். செல்ஃப் அடிக்கவில்லை. பின்னால் பஸ், லாரி எல்லாம் ஹாரன் அடிக்க, டோல்கேட் பையன்களை வைத்துத் தள்ளி ஓரம் கட்டினேன். அங்கிருந்தே போன் செய்தேன். "புது பார்ட் ணா, ரெண்டு நாள் ஓட்டுங்க, செட் ஆகிடும்" என்றார். புது மாடா, பழக்குவதற்கு? எலக்ட்ரானிக் பெட்டி எப்படி ஐயா ஓட்ட ஓட்ட செட் ஆகும்?

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அலைக்கழிப்பு. டெக்னீஷியன் லீவ். டெக்னீஷியன் வேலையை விட்டுப் போய்விட்டான். ஓனர் கோயம்புத்தூர் போயிருக்கிறார். நேரில் போனால், முன்பு டீ கொடுத்து உட்கார வைத்த அதே ஏசி ரூமில் ரிசப்ஷன் பெண் "சார் மீட்டிங்ல இருக்காரு, நம்பர் எழுதிட்டுப் போங்க" என்றது. சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொரு வண்டியைச் சுற்றி வந்து யாருக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கிக் காட்டியதும் உள்ளே போய்விட்டார். மெசேஜ் போட்டால் ப்ளூ டிக் வரும், பதில் வராது. கடைசியாகப் பேசியபோது குரலே மாறியிருந்தது. "எலக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு வாரண்டி கெடையாது சார். பழைய வண்டி வாங்குனா இப்படித்தான் இருக்கும்." அதுவரை நான் ணா. பணம் முழுதாகக் கைக்குப் போன பிறகு சார். பழைய ஈசிஎம்மையாவது கொடுங்கள் என்றேன். முதலில் ஸ்க்ராப்புக்குப் போட்டுவிட்டேன் என்றார். அதே போனில் கொஞ்ச நேரம் கழித்து, டெல்லிக்கே எக்ஸ்சேஞ்சில் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றார். எது உண்மை என்று கேட்டேன், கட் செய்தார். இப்போது என் நம்பர் பிளாக்.

1,38,500 ரூபாய். எங்கள் கடையில் ஒரு மூட்டை உரம் விற்றால் என்ன நிற்கும் என்று வியாபாரம் செய்பவர்களுக்குத் தெரியும்.

உண்மையான கோளாறைக் கண்டுபிடித்தது லாரிக்கு வயரிங் பார்க்கும் ஒரு பாய். ராயக்கோட்டை ரோட்டில் சின்ன தகரக் கொட்டகை. அவரும் முதலில் "இது நம்ம வண்டி இல்ல தம்பி" என்றுதான் சொன்னார். கெஞ்சிக் கேட்டதும் ஒரு மல்டிமீட்டரோடு வந்தார். பேட்டரி 12.6 வோல்ட், நல்லாத்தான் இருக்கிறது. அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னார். அந்த இடத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டவே கூடாதாம். ரெண்டு வோல்ட்டைத் தாண்டியது. உடனே ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து பேட்டரி நெகட்டிவ்விலிருந்து நேராக இன்ஜினுக்குக் கொடுத்து, "இப்ப அடி" என்றார். ஒரே அடியில் பிடித்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே போகும் எர்த் பட்டை, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, உள்ளுக்குள் பொடிந்து போயிருந்தது. அதோடு முடியவில்லை. வைப்பர் ஏன் தானாக ஆடுகிறது என்று இடது பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கினார். கீழே ஸ்பாஞ்சில் தண்ணீர். பிழிந்தால் கொட்டுகிறது. பாடி எர்த் போல்ட் பச்சை பூத்துப் போயிருந்தது, பக்கத்து கனெக்டரில் ரெண்டு பின்னும் அப்படியே. தண்ணீர் எங்கிருந்து என்று தேடினால், வைப்பருக்குக் கீழே மழைத்தண்ணீர் வடியும் ஓட்டை புளிய இலையால் அடைத்துக் கிடக்கிறது. எங்கள் வீட்டுக்கு முன்னால் நிற்பது புளியமரம். அந்தப் பொடி இலை உள்ளே போய் ஊறி, மண்ணோடு சேர்ந்து மெழுகி வைத்த மாதிரி இருந்தது. மேலே நின்ற தண்ணீர் வழி இல்லாமல் கேபினுக்குள் இறங்கியிருக்கிறது. அந்தக் கடையில் இத்தனை நாள் வைத்திருந்தார்களே, ஒருவனாவது கார்ப்பெட்டைத் தொட்டுப் பார்த்தானா?

எர்த் சரியில்லாவிட்டால் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் ஒவ்வொரு மாட்யூலும் மற்றதோடு பேச முடியாமல் ஆளுக்கொரு எரர் போட்டு வைக்கும். ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பாக வந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். எல்லா மாட்யூலும் ஒரே நாளில் எரர் போட்டால் முதலில் பேட்டரி, எர்த், சார்ஜிங் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவனுக்குப் பால பாடம். தெரியாமல் செய்ததாக நான் நம்பவே மாட்டேன். ஏனென்றால் ஈசிஎம் மாற்றவே இல்லை. கோடிங்கும் இல்லை. எதற்கு 1,05,000, எதற்கு 18,500?

பட்டை மாற்றி, போல்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கனெக்டர் பின் மாற்றி, கார்ப்பெட்டைக் காய வைத்துப் போட்டதற்கு பாய் வாங்கியது 2,800 ரூபாய். அதையும் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். வண்டி இப்போது ஓடுகிறது. கூரை ஒழுங்காக மடங்குகிறது.

இது என் மாடலுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. போர்ஷே பாக்ஸ்டர் 986 வைத்திருப்பவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது வடிகால் அடைத்து, சீட்டுக்கு அடியில் இருக்கும் இமொபிலைசர் பெட்டி (திருட்டுத் தடுப்புப் பெட்டி) நனைந்து வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவதைத்தான். பிஎம்டபிள்யூ இசட்4 முதல் மாடலில் கூரையை மடக்கும் மோட்டார் இருப்பதே தண்ணீர் வடியும் இடத்தில். ஓட்டை அடைத்தால் மோட்டார் முழுகிவிடும். ஆடி டிடி முதல் தலைமுறையில் மீட்டர் கிளஸ்டரே போவதற்கு அமெரிக்காவில் ஓனர்கள் கோர்ட்டுக்கே போனார்கள். உலகம் முழுக்க ஓனர்கள் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் தெரிந்த விஷயம், "ஸ்பெஷலிஸ்ட்" என்று போர்டு மாட்டியவனுக்கு மட்டும் தெரியாதாம்.

கவனிக்க வேண்டியதை விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது கொதிப்பில் அவ்வளவு பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மழைக்கு முன்னும் பின்னும் வைப்பருக்குக் கீழே, கூரை ஓரம், டோர் அடியில் உள்ள ஓட்டைகளைச் சுத்தம் செய்யுங்கள். கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஈசிஎம் போச்சு என்று யார் சொன்னாலும் எர்த் வோல்டேஜ் டிராப் (பாய் மீட்டர் வைத்துப் பார்த்த அதே டெஸ்ட்) பார்த்தீர்களா என்று கேளுங்கள், உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை விடும் முன் ஈசிஎம் ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். பழைய பார்ட் கைக்கு வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். தனி ஆள் அக்கவுண்டுக்கு அனுப்பாதீர்கள்.

இதே மாதிரி மாட்டியவர்கள் 1915 நம்பரில் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் பதியுங்கள். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரை உள்ள கேஸுக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஹைவே ஓரக் கண்ணாடிக் கடை, தனி ஆள் பெயருக்கு ஜிபே, சீல் குத்திய எஸ்டிமேட் சீட்டு, இந்த மூன்றும் உங்களுக்கும் நடந்திருந்தால் சீட்டையும் ஈசிஎம் ஸ்டிக்கர் போட்டோவையும் எனக்கு அனுப்புங்கள். நோட்டீஸ் திங்கட்கிழமை போகிறது. 1,38,500 ரூபாயும் முழுதாகத் திரும்ப வராமல் இந்த ஆளை நான் விடப்போவதில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. பேட்டரி நெகட்டிவைக் கழற்றும் முன் ரேடியோ கோடு உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஜெர்மன் வண்டிகள் பலவற்றில் அந்த ரகசிய நம்பரைப் போடாமல் ரேடியோ மறுபடி பாடாது.