ஆம்னிக்கு வாங்கிய டூல்ஸ்: ரிங் ஸ்பேனர் கைகொடுத்தது, ராட்செட் காலை வாரியது

குன்னூரில் இருக்கும் சித்தப்பா மகன் போன வாரம் பழைய மாருதி ஆம்னி வேன் ஒன்று வாங்கினான். வண்டி வாசலுக்கு வந்த கையோடு எனக்குப் போன். "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே பாக்ஸ் செட் இப்ப பாதி விலைக்கு வருது. போட்டுடட்டுமா?" அவன் கேட்டது, நட்டின் மேல் கவிழ்க்கிற குப்பி போன்ற சாக்கெட்டுகளும் அவற்றுக்கான கைப்பிடிகளும் அடங்கிய பெட்டி. கொஞ்சம் பொறு என்றேன். போனில் சொல்லித் தீர்கிற விஷயமில்லை. அவனைப் போல வீட்டு வாசலிலேயே வண்டி வேலை பார்க்க நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது ஊட்டி காந்தல் பக்கம். என்னுடையதும் ஆம்னிதான். 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சீட்டைத் தூக்கினால் எஞ்சின். 2019-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் காய்கறி மூட்டை ஏற்றவும் இங்குள்ள ஏற்றத்துக்கும் அதைவிடத் தோதான சின்ன வண்டி எனக்கு அமையவில்லை. சீசன் நேரத்தில் மெக்கானிக்குகளுக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு ஃபேன் பெல்ட் இறுக்க இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அப்படித்தான் டூல்ஸ் வாங்க ஆரம்பித்தேன்.

முதலில் வாங்கியது டபாரியா ரிங் ஸ்பேனர் (நட்டைச் சுற்றிப் பிடிக்கிற வளைய முனை ஸ்பேனர்) செட். நாசிக் கம்பெனி. எட்டு ஸ்பேனர், ஒவ்வொன்றிலும் இரண்டு முனை, அளவு எம்.எம். கணக்கில்: 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22. என் டூல்ஸிலேயே கொடுத்த காசுக்கு மேல் உழைத்தது இதுதான். மாருதிக்கு எட்டும் தேவைப்படாது. 8, 10, 12, 14, 17, 19 இருந்தால் வண்டியில் பெரும்பாலான இடத்துக்குப் போதும். சுசுகி ஜப்பான் கணக்கில் போன வண்டி. 8 எம்.எம். மரை உள்ள போல்ட்டுக்கு ஜப்பான் கணக்கில் தலை 12, ஐரோப்பியக் கணக்கில் 13. அடுத்த அளவான 10 எம்.எம். மரைக்கு ஜப்பான் கணக்கில் 14, ஐரோப்பியக் கணக்கில் 16 அல்லது 17. ஒரே ஸ்பேனரில் ஒரு முனை 12, மறு முனை 13 என்று இருப்பதால் சீட்டுக்கு அடியில் இருட்டில் வேலை செய்யும்போது முனை மாறிவிடக் கூடாது. 12 போல்ட்டில் 13-ஐப் போட்டு ஒரு இழு இழுத்தால் போல்ட் தலை மொழுக்கென்று ஆகிவிடும். அதனால் 12 பக்கத்தில் மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ் தடவி வைத்திருக்கிறேன்.

கடைக்குப் போகும்போது பையில் ஒரு புது 12 நட்டும் ஒரு 14 நட்டும் போட்டுக்கொண்டு போங்கள். எந்தக் கம்பெனி ஸ்பேனராக இருந்தாலும் அந்த நட்டை உள்ளே விட்டு ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். நட்டு உள்ளேயே கடகடவென்று திரும்பினால் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 'குரோம் வெனேடியம்' (உறுதியான எஃகுக் கலவை) என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம். ஜலந்தர், லூதியானா பக்கமிருந்து வருகிற பெயர் தெரியாத சரக்கிலும் அருமையான ஸ்பேனர் உண்டு. நட்டு பொய் சொல்லாது.

ஓப்பன் ஸ்பேனர் செட் வேண்டாமா என்று கேட்பார்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஓப்பன் ஸ்பேனர் நட்டின் இரண்டு முகத்தை மட்டும்தான் பிடிக்கும். ரிங் ஆறு மூலையையும் பிடிக்கும். சமவெளியில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாமல் இருக்கலாம். இங்கே தென்மேற்குப் பருவமழையில் வாரக்கணக்கில் வெயில் தலைகாட்டாது. வண்டிக்கு அடியில் இருக்கிற எல்லா நட்டும் துருவேறிக் கிடக்கும். சைலன்சர் கிளாம்ப் நட்டைக் கழற்ற முந்தின ராத்திரியே துரு நீக்கி அடித்து ஊறவிட்டு, காலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, ரிங்கை முழுசாக உட்காரவைத்து இழுத்தால்தான் 'டக்' என்று விடும். அந்த டக் சத்தத்துக்காகவே அந்த ஸ்பேனர்களை எனக்குப் பிடிக்கும்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். வளையத்தின் உள்விளிம்பில் குரோம் பூச்சு உரிந்து அங்கங்கே துரு பிடித்திருக்கிறது. பிளாஸ்டிக் பெட்டி, ஸ்பாஞ்சு எதுவும் இந்த ஊருக்கு ஆகாது. ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்ளும். கேன்வாஸில் பாக்கெட் பாக்கெட்டாகத் தைத்து, புது எஞ்சின் ஆயில் தொட்ட துணியால் துடைத்துச் சுருட்டி வைக்கிறேன். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயில் வேண்டாம், அதில் அமிலம் சேர்ந்திருக்கும்.

இனி அந்த பாக்ஸ் செட். அரை இஞ்ச் டிரைவ், அதாவது கைப்பிடி மாட்டுகிற சதுரம் அரை இஞ்ச். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. நியாயமாகப் பேச வேண்டுமென்றால் சாக்கெட்டுகள் தங்கம். எல்லாம் ஆறு மூலை. இந்த விலையில் பெரும்பாலும் பன்னிரண்டு மூலைதான் தருவார்கள், துருப்பிடித்த நட்டில் அது வழுக்கும். இதில் வழுக்கவில்லை. வீல் நட்டுக்கு 19 சாக்கெட்டைப் போட்டு டி ராடால் (T வடிவக் கைப்பிடி) எத்தனை முறை மிதித்திருப்பேனோ, விரிசல் விடவில்லை. எக்ஸ்டென்ஷன் ராடு வளையவில்லை. டி ராடும் நல்ல இரும்பு.

ஆனால் அந்த ராட்செட்! சாக்கெட்டை நட்டிலிருந்து எடுக்காமலேயே முன்னும் பின்னும் ஆட்டி நட்டைச் சுற்றுகிற கைப்பிடி அது.

ஆம்னியில் எஞ்சின் இருக்கிற இடம் தெரியும். கையைச் சுழற்ற இடமே கிடையாது. இந்த ராட்செட்டில் 24 பல். ஒரு பல்லுக்கு 15 டிகிரி கைப்பிடியை நகர்த்தினால்தான் அடுத்த பல்லைப் பிடிக்கும். 72 பல் உள்ளதில் 5 டிகிரி போதும். சரி, கொடுத்த காசுக்கு 24 பல் என்று அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஜனவரியில் ஒரு காலை, தலைகுந்தா பக்கமும் எங்கள் பக்கமும் புல்லெல்லாம் உறைபனி. ஃபேன் பெல்ட் கீச்சுக் கீச்சென்று கத்தியது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரை நகர்த்தி பெல்ட்டை இறுக்க வேண்டும், பத்து நிமிட வேலை. 12 சாக்கெட்டைப் போட்டு இழுக்கிறேன். போல்ட் அப்படியொன்றும் முரண்டு பிடிக்கிற இறுக்கமில்லை. ராட்செட் பல் தாவியது. கை அப்படியே போய் சீட்டுக்குக் கீழே உள்ள தகட்டு விளிம்பில் அடித்து, மூன்று விரல் முட்டியிலும் தோல் போய்விட்டது. அந்தக் குளிரில் அடிபட்டால் எப்படி இருக்கும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மத்தியானம் வெயில் வந்த பிறகு அதே ராட்செட், அதே போல்ட். ஒழுங்காகப் பிடித்தது. மறுநாள் காலை மறுபடி தாவியது. காரணம் தெரியாமல் விட மனசில்லை. பின்மூடியின் இரண்டு ஸ்குருவைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பல்சக்கரம், அதைத் தடுத்துப் பிடிக்கிற ஒரு சின்ன இரும்பு, அந்த இரும்பைப் பின்னாலிருந்து தள்ள ஒரு பொடி ஸ்பிரிங். எல்லாவற்றின் மேலும் கம்பெனியில் அப்பிய பழுப்பு கிரீஸ், குளிரில் கெட்டியாகி இறுகிக் கிடந்தது. ஸ்பிரிங்குக்கு அந்த கிரீஸை மீறித் தள்ளத் திராணியில்லை. பிடிக்கிற இரும்பு பல்லின் அடிவரை இறங்காமல் நுனியிலேயே நின்றுவிடுகிறது. பாரம் வந்ததும் தாவுகிறது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு மூடினேன். குளிரில் தாவுவது நின்றது. ஆனால் அதற்குள் பல் நுனிகள் மழுங்கிவிட்டிருந்தன. இப்போதும் அழுத்தி இழுத்தால் எப்போது தாவும் என்று கை பயந்துகொண்டே இருக்கிறது.

கடைக்குக் கொண்டுபோனால், "சாக்கெட்டுக்குத்தாங்க வாரண்டி, ராட்செட்டுக்குக் கிடையாது" என்றார். பில்லில் அப்படி ஒரு வரியும் இல்லை. ஒரு செட்டில் அசைகிற பொருள் அது ஒன்றுதான், கெட்டுப்போகக் கூடியதும் அது ஒன்றுதான். அதற்கு மட்டும் பொறுப்பேற்க மாட்டோம் என்றால் என்ன நியாயம்? இத்தனை நல்ல சாக்கெட்டைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இரண்டு ரூபாய் கூடப்போட்டு ஒரு உருப்படியான ஸ்பிரிங் வைக்கத் தெரியாதா? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

யார் எந்த ராட்செட் வைத்திருந்தாலும் ஒன்று சொல்கிறேன். இறுகிய நட்டை முதலில் அசைக்க டி ராடு அல்லது ரிங். ராட்செட் என்பது தளர்ந்த பிறகு சுற்றி எடுக்க மட்டும். வாங்கிய அன்றே பிரித்துக் கழுவி லேசான எண்ணெய் விடுங்கள்.

ஸ்பார்க் பிளக் மாற்றுகிறவர்கள் ராட்செட்டைப் பிளக்கை உள்ளே ஏற்றப் பயன்படுத்தவே வேண்டாம். பிளக் ஏறுகிற எஞ்சின் மேல்பாகமான ஹெட் அலுமினியம். மரை மாறி ஏறினால் ஹெட்டையே கழற்ற வேண்டி வரும். பழைய பெட்ரோல் ஹோஸ் ஒரு சாண் வெட்டி, பிளக்கின் மேல்முனையில் சொருகி, விரலால் சுற்றுங்கள். மரை சரியாக விழவில்லை என்றால் ஹோஸ் தானாக வழுக்கிவிடும், சேதமில்லை. வாஷர் உட்கார்ந்த பிறகு புது பிளக்குக்கு அரைச் சுற்று. பழையதையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், கடிகார முள் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிக்கு நகர்கிற அளவு போதும்.

இப்போது இதையெல்லாம்விட முக்கியமானது. ஊட்டியில் சமதரை எங்கே இருக்கிறது? என் வாசலே சரிவுதான். வண்டியோடு வந்த ஜாக்கி வீல் மாற்ற மட்டும். அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கிற ஜாக்கி ஸ்டாண்ட் ஒரு ஜோடி, தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை, முடிந்தவரை சமமான இடம். இந்த மூன்றும் இல்லாதவர்கள் அடியில் போகிற வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள். ஸ்பேனரில் மிச்சம் பிடிக்கலாம், ஸ்டாண்டில் பிடிக்கக் கூடாது.

பிரேக் பைப் நட்டுக்கு ஓப்பன் ஸ்பேனர் போடாதீர்கள். மெல்லிசான நட்டு, மூலை போய்விடும். பைப் நுழைய வாய் வெட்டிய ரிங் ஸ்பேனர், ஃபிளேர் நட் ஸ்பேனர் என்று தனியாகக் கிடைக்கிறது, பெரும்பாலும் 10 போதும். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு இறங்குகிற வண்டிக்கு பிரேக் வேலையில் அரைகுறை கூடாது. சந்தேகம் இருந்தால் தொடவே வேண்டாம்.

தம்பிக்கு என் பதில்: பாக்ஸ் செட் விலை குறைந்திருப்பது உண்மை. சாக்கெட் நல்ல சாக்கெட். வேறு யாரும் இந்த விலைக்கு ஆறு மூலை தருவதாகத் தெரியவில்லை. இருந்தாலும் அதை வாங்கு என்று என் வாயால் சொல்ல மாட்டேன். ரிங் செட் ஒன்று, பிளக் ஸ்பேனர் ஒன்று, ஸ்டாண்ட் ஒரு ஜோடி எடு. சாக்கெட்டை 10, 12, 14, 17, 19 என்று சில்லறையாகவே வாங்கிக்கொள், டி ராடோடு. ராட்செட்டைக் கடையிலேயே காதருகே வைத்துச் சுற்றிப் பார், கைப்பிடியை மிக மெதுவாகத் திருப்பும்போதும் ஒவ்வொரு பல்லும் தெளிவாக விழுகிற சத்தம் கேட்க வேண்டும். நானும் 72 பல் ராட்செட் ஒன்றைத் தனியாக எடுக்கப்போகிறேன், அடுத்த உறைபனிக்குள்.