சாஃப்ட் ரப்பருடன் 14 மாதம்: எல்லாம் படிந்தது, புஷ் மட்டும் படியவில்லை

டேபிள் டென்னிஸ் கிளப்பில் கூட ஆடும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, நீங்க சாஃப்ட் ரப்பர்தானே போட்டிருக்கீங்க? நானும் மாத்தலாமா?" சாதாரணக் கேள்விதான். ஆனால் அன்றுதான் நான் 3-0 என்று தோற்று வந்து, பேட்டைப் பைக்குள் எறிந்திருந்தேன். அவருக்குக் கிடைத்தது பதில் இல்லை, புலம்பல். கோபம் கொஞ்சம் இறங்கியபின் இதை எழுதுகிறேன். முழுக்க இறங்கவில்லை என்பதைப் படிக்கும்போது நீங்களே பார்ப்பீர்கள்.

நான் வாரம் மூன்று மாலை ஆடுகிற ஆள். கிளப்பில் நடுத்தரம். பேட்டின் மரப்பலகை, அதாவது பிளேடு, ஐந்து அடுக்கு. அதன் மேல் ஒட்டும் ரப்பருக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்ச் இருக்கும், அதன் கடினத்தை டிகிரியில் சொல்வார்கள். முன்பு இரண்டு பக்கமும் 47.5 டிகிரி ஸ்பாஞ்ச்; 14 மாதத்துக்கு முன் இரண்டையும் கழற்றி 42 டிகிரிக்கு இறங்கினேன். தடிமன் 2.0 மில்லிமீட்டர். பிராண்டைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்வது இந்த ரகத்தின் குணத்தை. எந்தக் கம்பெனி அட்டையில் வந்தாலும் ரகம் இதுதான்.

டிகிரி என்றதும் ஒன்று. தம்பி ஹரிகேன் 3 என்ற சீன ரப்பரின் அட்டையில் 39 என்று பார்த்துவிட்டு, "இது உங்களுடையதைவிட சாஃப்ட் போல" என்றார். இல்லை, அது கல். சீன ரப்பரின் அளவுகோல் வேறு, ஜெர்மன் ஸ்பாஞ்சின் அளவுகோல் வேறு, ஜப்பான்காரர்களுக்குத் தனிக் கணக்கு. ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டு வாங்கினால் ஏமாறுவது நிச்சயம். விரலால் அழுத்திப் பாருங்கள், எண்ணைவிட விரல் பொய் சொல்லாது.

இனி நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் நல்லது நிஜமாகவே நிறைய இருந்தது.

என் பேக்ஹேண்ட் எப்போதும் நோஞ்சான். எதிராளி பேக்ஸ்பின்னோடு (பந்து பின்னோக்கிச் சுழலும்படி) ஆழமாக புஷ் செய்தால், அதாவது அடிக்காமல் மெதுவாகத் தள்ளிவைத்தால், அதைத் தூக்கி டாப்ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) போட வேண்டும். பழைய ரப்பரில் அதற்கு முழங்காலை மடக்கி, இடுப்பிலிருந்து கையை வீச வேண்டியிருந்தது. கொஞ்சம் சோம்பினாலும் பந்து நெட்டின் அடிப்பாகத்தில் போய் விழும். ஸ்பாஞ்ச் கடினமாக இருந்தால் பந்து அதில் அமிழ, நாம் வேகம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பந்து மேல் தோலில் வழுக்கிக் கீழே போகும்.

புதுசை ஒட்டிய முதல் மாலை, அதே மாதிரி ஒரு புஷ் வந்தது. கால் சரியாகப் போகவில்லை. பந்துக்குத் தாமதமாகப் போய், வெறும் மணிக்கட்டைச் சுழற்றினேன். பந்து ஸ்பாஞ்சுக்குள் ஒரு கணம் உட்கார்ந்து எழுந்தது கையில் தெரிந்தது. பந்து ரப்பரைத் தொட்டிருப்பதே ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான்; அது 'உட்கார்ந்தது' என்று சொல்வது கொஞ்சம் பீலா. இருந்தாலும் கைக்கு அப்படித்தான் தெரிகிறது. பந்து வளைந்து நெட்டைத் தாண்டி ஓரத்தில் விழுந்தது. எதிராளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பழகியதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஐந்தாவது கேமில்கூட, கால் தளர்ந்த நேரத்தில், பேக்ஹேண்ட் என்னைக் கைவிடவில்லை. அரைகுறை வேலைக்கும் முழுக்கூலி தரும் ரப்பர் இது. எடையும் குறைவு. வெட்டி ஒட்டியபின் மொத்த பேட் ஏறக்குறைய 10 கிராம் இளைத்திருந்தது. என் தோள்பட்டைக்கு அந்த 10 கிராம் தெரியும்.

அந்தச் சத்தமும் எனக்குப் பிடித்தது. நன்றாகப் பட்ட லூப்பில், அதாவது டாப்ஸ்பின் அடியில், 'டக்' என்று ஒன்று வரும். பழைய ஆட்டக்காரர்கள் அதைக் கேட்டால் ஸ்பீட் குளூ காலத்தைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆட்டத்துக்கு முன் அந்தப் பசையைத் தடவினால் அதன் ஆவி ஸ்பாஞ்சை உப்பவைத்து, மென்மையாக்கி, துள்ளவைக்கும். மூக்குக்கும் நுரையீரலுக்கும் ஆகாது என்று 2008-ல் தடை வந்தது. இன்றைய ரப்பர்களில் பாதி, அந்தத் துள்ளலைப் பசை இல்லாமலே உள்ளே வைத்துத் தருவதற்காக உருவானவைதான்.

குறைகளில் சின்னதைச் சீக்கிரம் முடிக்கிறேன். ஓங்கி ஸ்மாஷ் அடித்தால் ஸ்பாஞ்ச் முழுக்க அமுங்கி, பந்து மரத்தில் முட்டும். அதற்கு மேல் பலம் கொடுத்தாலும் வேகம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. என் பலத்துக்கு அது பெரிய நஷ்டமில்லை. எதிராளியின் அடியை பேட்டை வைத்துத் தடுக்கும் பிளாக்கில் முதல் மாதம் பந்தெல்லாம் டேபிளுக்கு வெளியே பறந்தது. பேட்டை இன்னும் கவிழ்த்துப் பிடித்து, விரல்களைத் தளர்த்தியதும் சரியாகிவிட்டது. ஓரம் சீக்கிரம் பிய்ந்தது. முதல் ஜோடி எட்டு மாதம் தாங்கியது. இரண்டாவது ஜோடியைக் கழற்றும்போது ஸ்பாஞ்ச் கிழிந்து பாதி பிளேடிலேயே தங்கிவிட்டது. ஒரு சாயங்காலம் முழுக்கக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்தேன். சரி, அது என் அவசரம். மெதுவாக இழுத்திருக்க வேண்டும்.

இப்போது புஷ்.

எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஓடமாட்டார், அடிக்கமாட்டார், வேர்க்கவும் மாட்டார். என் ஃபோர்ஹேண்ட் பக்கம் நெட்டுக்கு அருகே ஒரு ஷார்ட் சர்வ் போடுவார். அதில் ஸ்பின் இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரியாது என்பது என் சந்தேகம். அதைத் திருப்பி ஷார்ட்டாகவே வைக்க வேண்டும். அவர் பக்கம் இரண்டு முறை குதிக்கிற அளவுக்கு. பழைய ரப்பரில் அது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. பேட்டைக் கீழே நீட்டினால் பந்து செத்து விழும்.

சாஃப்ட் ரப்பரில் எதுவும் சாகாது. இந்த ஸ்பாஞ்ச் லேசாகத் தொட்டாலே விழித்துக்கொள்கிறது. அடிக்கும்போது வேண்டிய துள்ளலை, அடிக்காதபோதும் தந்துகொண்டே இருக்கிறது. பந்தின் எடை 2.7 கிராம், அது மேலே வந்து பட்டாலே போதும், எழும்பிவிடும். நெட்டின் உயரம் 15.25 சென்டிமீட்டர். என் புஷ் அதற்கு மேலே ஒரு சாண் ஏறி, டேபிளின் நடுவில், தட்டில் வைத்த மாதிரி இறங்கும். ஓடாத, அடிக்காத அந்தப் பெரியவர் அதை மட்டும் அடிப்பார்.

நான் செய்யாததில்லை. பந்து குதித்து எழும் முன்பே தொட்டுப் பார்த்தேன். பிடியை, பேட் நழுவிவிடுமோ என்கிற அளவுக்குத் தளர்த்தினேன். ஒருவர் சொன்னார் என்று, மெதுவாகத் தொடுவதை விட்டு, பந்தின் அடியை வேகமாக, மெல்லிசாகச் சீவிப் பார்த்தேன். பயிற்சியில் அது அற்புதமாக வந்தது. 9-10-ல் கை இறுகும்போது வரவில்லை. இரண்டாவது ஜோடியை ஃபோர்ஹேண்டில் 1.8 மில்லிமீட்டராக வாங்கினேன். கொஞ்சம் தேவலை. ஷார்ட் பந்தை புஷ் செய்யாமல் ஃப்ளிக் செய்துவிடு, அதாவது மணிக்கட்டால் சொடுக்கி அடித்துவிடு என்பார்கள். செய்தேன். அதைத்தான் பெரியவர் எதிர்பார்த்தார் என்று பிறகு தெரிந்தது.

கணக்குப் பார்த்தால், நியாயமாகச் சொல்கிறேன், எனக்கு லாபம்தான். பேக்ஹேண்டில் கிடைத்த பாயிண்ட், புஷ்ஷில் போனதைவிட அதிகம். முன்பு தோற்ற இரண்டு பேரை இப்போது ஜெயிக்கிறேன். ஆனால் ஓங்கி அடித்து வெளியே போன பந்து மறந்துவிடுகிறது. மெதுவாக, கண்ணெதிரே, எழும்பிப் போகிற புஷ் ராத்திரி படுக்கையில் வந்து நிற்கிறது.

முந்தாநாள் இரண்டு பக்கமும் 47.5 ஒட்டிவிட்டேன். பேக்ஹேண்டையாவது சாஃப்டாக விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். பெரியவர் பேக்ஹேண்ட் பக்கமும் ஷார்ட்டாகப் போடுவார்.

தம்பிக்கு: வாங்கிப் போடுங்கள். உங்கள் பேக்ஹேண்டும் என்னுடையது மாதிரிதான். ஃபோர்ஹேண்டுக்கு 1.8 எடுங்கள், ஓரத்தில் டேப் ஒட்டுங்கள், கழற்றும்போது என்னைக் கூப்பிடுங்கள்.

நேற்று பெரியவரோடு ஆடினேன். அவருடைய ஷார்ட் சர்வ் எல்லாவற்றையும் நெட்டை உரசுகிற உயரத்தில், ஷார்ட்டாகவே திருப்பினேன். அவர் சிரித்துக்கொண்டே ஆழமாக புஷ் செய்தார். பேக்ஹேண்டால் தூக்கினேன், நெட்டில். மறுபடி தூக்கினேன், நெட்டில். 3-1.